யானை வந்தா எழுந்திருக்காதீங்க: தேக்கடிப் படகில் ஒரு மெட்டாசென்டர் பாடம்



தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்னு நம்ம பள்ளத்தாக்குல எந்த ஊர்ல கல்யாணம் நடந்தாலும் சரி, விருந்தெல்லாம் முடிஞ்சதும் புது ஜோடி ஒரு நாள் தேக்கடிக்குக் கிளம்பும். பக்கத்து ஊர், காலையில போனா ராத்திரி வீடு திரும்பிடலாம், செலவும் கம்மி. அங்கே போனால் படகு சவாரி கட்டாயம். நம்மில் பலருடைய அப்பா அம்மா ஆல்பத்திலும் அந்த ஏரி போட்டோ ஒன்று இருக்கும்.

ஜோடிகள் மட்டும் இல்லை. ‘ஐ.வி.’ என்ற பெயரில் வருடா வருடம் காலேஜ் பஸ்களும் அந்த மலை ஏறுகின்றன. அப்படிப் போகும் நமக்கு, இரண்டாம் வருடத்தில் படித்து, பரீட்சை முடிந்த அன்றே மறந்துபோன ஒரு பாடம் அந்தப் படகில் காத்திருக்கிறது. மெட்டாசென்டர். லேபில் தகரத் தொட்டியில் ஒரு குட்டி மிதவையைப் போட்டு, எடையை இடமும் வலமும் நகர்த்தி, தூக்குக்குண்டு எத்தனை டிகிரி சாய்ந்தது என்று குறித்தோமே, அதே சோதனைதான். தேக்கடியில் அந்த நகரும் எடை நாம்தான்.

அதை நிதானமாக, ஒரு சின்னக் கணக்கோடு பார்ப்போம்.

எந்தத் தண்ணீரில் மிதக்கிறோம்?

கம்பம், கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வந்ததும் மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே படகு மிதக்கும் அதே ஏரித் தண்ணீர்தான் அந்தக் குழாய் வழியாக மின்நிலையத்துக்கு வந்து, பிறகு நம்ம வயலுக்குப் போகிறது.

மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றை கர்னல் ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887 முதல் 1895 வரை அணை கட்டி மறித்தார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்ந்த அணை. தேங்கிய தண்ணீரை மலைக்குள் ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அவர் பிறந்த ஜனவரி 15-ஐப் பொங்கலோடு சேர்த்துக் கொண்டாடும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்லவேண்டியதில்லை.

நமக்கு இங்கே தேவையானது ஒரே விஷயம். அது இயற்கை ஏரி இல்லை, மூழ்கிய காட்டுப் பள்ளத்தாக்கு. தண்ணீருக்கு மேல் கறுப்பாக நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட மரங்கள் அதற்குச் சாட்சி. கரை சரேலென்று இறங்கும். கொஞ்சம் உள்ளே போனாலே கால் தரையில் படாது.

இங்கிலாந்தில் ஒரு ஜோடி

இப்போது கொஞ்ச தூரம் போகலாம். இங்கிலாந்தில் புது ஜோடிகளும் வயதான தம்பதிகளும் விரும்பிப் போகும் விடுமுறை ஒன்று உண்டு. ‘நேரோபோட்’ என்ற ஒல்லிப் படகை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, பழைய சரக்குக் கால்வாய்களில் தாங்களே ஓட்டிக்கொண்டு போவது. சமையல், தூக்கம் எல்லாம் படகிலேயே. ஓட்டுநர் கிடையாது, லைசென்ஸும் கேட்பதில்லை. கிளம்பும் முன் வாடகைக்காரர் சொல்லித்தருவதுதான் பயிற்சி. வேக வரம்பு மணிக்கு 4 மைல், அதாவது நாம் வேகமாக நடக்கும் வேகம்.

இதற்கெல்லாம் முன்னோடி என்று ஒரு தம்பதியைச் சொல்லலாம். எல்.டி.சி. ரோல்ட் பொறியியல் தொழில் பழகியவர். 1939-இல் ஏஞ்சலாவைத் திருமணம் செய்துகொண்டு, ‘கிரெஸ்ஸி’ என்ற பழைய மரப்படகை வீடாக மாற்றி, இருவரும் கால்வாய் வழியே கிளம்பினார்கள். அந்தப் பயணத்தை வைத்து அவர் எழுதிய ‘நேரோ போட்’ புத்தகம் 1944-இல் வந்தது. சரக்குப் போக்குவரத்து தேய்ந்து, தூர்ந்துகொண்டிருந்த கால்வாய்களைக் காப்பாற்ற 1946-இல் ஒரு சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். இந்த மனிதரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவார்.

அந்தப் படகின் அகலம் எவ்வளவு தெரியுமா? சுமார் 2.1 மீட்டர். நீளமோ 20 மீட்டரைத் தாண்டியும் இருக்கும். நம்ம டவுன் பஸ்ஸைவிட ஒல்லி, பஸ்ஸைவிட நீளம். காரணம், கால்வாயில் இருக்கும் ‘லாக்’ என்ற தண்ணீர்ப் படிக்கட்டு. மேட்டில் ஏற, படகை ஒரு தொட்டிக்குள் விட்டு, கதவை மூடி, மேலேயிருந்து தண்ணீர் விட்டு உயர்த்துவார்கள். 22 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயர்வு என்று வைத்தால்கூட ஒரு படகு ஏற ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே போய்விடும். அகலத்தை இரட்டிப்பாக்கினால் தண்ணீரும் இரட்டிப்பு. அதனால்தான் அந்தக் காலப் பொறியாளர்கள் லாக்கைக் குறுக்கினார்கள், லாக்குக்கு ஏற்ப படகும் குறுகியது. (அவர்கள் மலை மேல் படகை ஏற்றினார்கள், பென்னிகுயிக் மலைக்குள் தண்ணீரையே அனுப்பினார். இரண்டுமே நீர்ப்பிரிமேட்டைத் தாண்டும் வழிதான்.)

இப்போது ஒரு பொறியியல் மாணவனுக்கு வரவேண்டிய சந்தேகம்: இவ்வளவு ஒல்லியான படகு, முன்பின் படகே ஓட்டாத ஒரு ஜோடியோடு, ஏன் கவிழ்வதில்லை? அகலமான சுற்றுலாப் படகுகள் ஏன் சில நேரம் கவிழ்கின்றன?

மூன்று புள்ளிகள், ஒரு ஊஞ்சல்

பதிலுக்கு மூன்று புள்ளிகள் போதும்.

முதலாவது ‘ஜி’, ஈர்ப்பு மையம். படகு, எஞ்சின், ஆட்கள் எல்லாவற்றின் எடையும் ஒன்றாகச் செயல்படும் புள்ளி.

இரண்டாவது ‘பி’, மிதவை மையம். படகு தள்ளிய தண்ணீரின் மையம். படகு வலப்பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் அதிகமாக அமிழும், ‘பி’யும் அந்தப் பக்கம் நகரும்.

மூன்றாவது ‘எம்’, மெட்டாசென்டர். நகர்ந்த ‘பி’யிலிருந்து செங்குத்தாக மேலே ஒரு கோடு போடுங்கள். அது படகின் நடுக்கோட்டை வெட்டும் இடம்தான் ‘எம்’. பியர் பூகே என்ற பிரெஞ்சு அறிஞர் 1746-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பெயரைக் கொடுத்தார்.

இதை ஊஞ்சல் மாதிரி நினைச்சுக்கோங்க. கொக்கி ‘எம்’. உட்கார்ந்திருக்கும் ஆள் ‘ஜி’. ஆள் கொக்கிக்குக் கீழே இருக்கும்வரை எவ்வளவு தள்ளினாலும் ஊஞ்சல் நடுவுக்குத் திரும்பும். ஆள் கொக்கிக்கு மேலே போய்விட்டால்? திரும்பாது, தலைகீழாகத்தான் விழும். ‘ஜி’யிலிருந்து ‘எம்’ வரை உள்ள உயரத்துக்குத்தான் ஜி.எம். என்று பெயர். அது பெரிதாக இருந்தால் படகு கவிழ்வது கடினம்.

கொக்கி எவ்வளவு உயரத்தில் இருக்கும்? பெட்டி வடிவப் படகுக்குச் சூத்திரம் சுலபம்:

பி.எம். = (அகலம் × அகலம்) ÷ (12 × அமிழ்ந்த ஆழம்)

அடித்தளத்திலிருந்து ‘பி’யின் உயரம், அமிழ்ந்த ஆழத்தில் பாதி. இரண்டையும் கூட்டினால் கொக்கியின் உயரம். அதிலிருந்து ‘ஜி’யின் உயரத்தைக் கழித்தால் ஜி.எம்.

முதலில் நேரோபோட். அகலம் 2.1, நீளம் 15, அமிழ்ந்த ஆழம் 0.6 மீட்டர் என்று வைப்போம். தள்ளிய தண்ணீர் 18.9 கன மீட்டர், எனவே எடை 18.9 டன். பி.எம். = 4.41 ÷ 7.2 = 0.61. ‘பி’யின் உயரம் 0.3. கொக்கி, அடித்தளத்திலிருந்து 0.91 மீட்டரில்தான் இருக்கிறது. நம்ம இடுப்பு உயரம்! ரொம்பக் கம்மி.

ஆனாலும் படகு நிற்கிறது. காரணம் ‘ஜி’யை இன்னும் கீழே இழுத்து வைத்திருக்கிறார்கள். அடித்தகடு தடித்த இரும்பு. தரைக்குக் கீழே கான்கிரீட் பலகையோ செங்கல்லோ அடுக்கிப் பாரம் ஏற்றுவார்கள். எஞ்சினும் தாழ்வாக. மாடி கிடையாது. இன்னொன்று, இதுதான் முக்கியம்: கணவன் மனைவி இரண்டு பேர் எடை 140 கிலோ என்றால், 18.9 டன்னில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. அவர்கள் எங்கே நின்றாலும் ‘ஜி’ பெரிதாக அசையாது. கால்வாயும் பெரும்பாலும் ஒரு மீட்டர், ஒன்றேகால் மீட்டர் ஆழம்தான்.

அங்கேயும் ஆபத்து ஒன்று உண்டு. லாக்கில் இறங்கும்போது, மேல்கதவுக்குக் கீழே தண்ணீருக்குள் ஒரு கல்திட்டு இருக்கும், ‘சில்’ என்பார்கள். படகின் பின்பக்கம் அதன்மேல் மாட்டிக்கொண்டால், தண்ணீர் வடிய வடிய முன்பக்கம் மட்டும் கீழே போகும். சில நிமிடத்தில் படகு மூழ்கிவிடும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டு, அதற்கு முன்னால் படகை நிறுத்துங்கள் என்று எழுதியிருப்பதை முதல்தடவை போகும் ஜோடிக்கு அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

ஏங்க, அங்கிட்டு பாருங்க!

இனி பயணிகள் படகு. எந்த நிஜப் படகின் அளவும் இல்லை இது, கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட மாதிரி: நீளம் 12, அகலம் 3, அமிழ்ந்த ஆழம் 0.6 மீட்டர். மொத்த எடை 21.6 டன். அதில் படகு 17.4 டன், அதன் ‘ஜி’ உயரம் 0.9 மீட்டர். பயணிகள் 60 பேர், ஆளுக்கு 70 கிலோ, ஆக 4.2 டன். தண்ணீருக்கு மேல் தெரியும் விளிம்பு 0.5 மீட்டர். கீழ்த்தளத்தில் இருப்பவரின் எடை 1.3 மீட்டர் உயரத்திலும், மேல்தளத்தில் இருப்பவரின் எடை 3.5 மீட்டர் உயரத்திலும் செயல்படுவதாக வைப்போம்.

ஒரு நிமிடம், இதைக் கவனிங்க. இங்கே பயணிகள் மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதாவது படகின் ஐந்தில் ஒரு பகுதிக்குக் கால் இருக்கிறது. நினைத்தால் எழுந்து நடக்கும்.

கொக்கியின் உயரம்: 9 ÷ 7.2 = 1.25, கூட்டல் 0.3, ஆக 1.55 மீட்டர்.

இப்போது படகு ஒரு வளைவில் திரும்புகிறது. கரையில் ஒரு யானைக் கூட்டம், குட்டியோடு.

“ஏங்க, அங்கிட்டு பாருங்க, குட்டி நிக்குது! எந்திரிங்க, போட்டோ எடுங்க!”

அறுபது பேரும் சராசரியாக 80 சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்கிறார்கள். சாய்க்கும் திருப்புத்திறன் 4.2 × 0.8 = 3.36 டன்-மீட்டர். சாய்வின் டேன் மதிப்பு = 3.36 ÷ (21.6 × ஜி.எம்.). மூன்று நிலைமைகளைப் பார்ப்போம்.

முதல் நிலை, எல்லோரும் கீழ்த்தளத்தில். மொத்த ‘ஜி’ உயரம் 0.98. ஜி.எம். 0.57. படகு சுமார் 15 டிகிரி சாயும். விளிம்பு 41 சென்டிமீட்டர் இறங்கும். இருப்பது 50. தப்பித்தோம், ஆனால் உள்ளங்கை வேர்த்திருக்கும்.

இரண்டாம் நிலை, பாதிப் பேர் மேலே, பாதிப் பேர் கீழே. ‘ஜி’ உயரம் 1.19. ஜி.எம். 0.36. சாய்வு 23 டிகிரியைத் தாண்டும். விளிம்பு 65 சென்டிமீட்டர் இறங்க வேண்டும், இருப்பதோ 50. தண்ணீர் உள்ளே வந்துவிட்டது.

மூன்றாம் நிலை, ‘வியூ’ நல்லா இருக்கும்னு எல்லோரும் மேலே. ‘ஜி’ உயரம் 1.41. ஜி.எம். வெறும் 0.14. சாய்வு 47 டிகிரி என்று வரும். அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சிறிய சாய்வுக்கான சூத்திரம் அது. அவ்வளவு தூரம் போகும் முன்னே படகு கவிழ்ந்திருக்கும்.

மூன்று நிலையிலும் படகு அதே படகு. ஆட்கள் அதே 60 பேர். எடை ஒரு கிலோ கூடவில்லை. இடம் மட்டும் மாறியது. ‘60 பேருக்கு மேல் ஏறக்கூடாது’ என்ற போர்டு மூன்று நிலையிலும் மதிக்கப்பட்டிருக்கிறது. அந்த போர்டு எத்தனை பேர் என்று மட்டும் சொல்லும், எங்கே, எப்படி இருக்கணும்னு சொல்லாது. அதைச் சொல்வது ஜி.எம்.

தண்ணீர் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நம்மைப் பிடித்து உட்கார வைக்கலாம், தண்ணீரை உட்கார வைக்க முடியாது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சேரும்.

2009 செப்டம்பர் 30

இதெல்லாம் காகிதக் கணக்கு இல்லை.

2009 செப்டம்பர் 30 மாலை, தேக்கடி ஏரியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. ஃபைபர்கிளாஸில் செய்த, சேவைக்கு வந்து சில வாரங்களே ஆன புதுப் படகு. 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா போனவர்களும் அதில் உண்டு. கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்தார்கள் என்பது அப்போது வந்த செய்திகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. கேரள அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது. இப்போது அங்கே லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் உட்கார விடுவதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பயணிகள் எழுந்து நின்றார்கள், அதனால் விபத்து அவர்கள் தப்பு என்று முடித்துவிடுவது பொறியாளர் பேசும் பேச்சு இல்லை. காட்டு விலங்கைக் காட்டத்தான் படகே ஓடுகிறது. விலங்கு வந்தால் ஆள் எழுந்திருப்பான் என்பது, மழை பெய்தால் கூரை நனையும் என்பது போல உறுதியான விஷயம். அதைத் தாங்கும்படி படகு வடிவமைக்கப்பட வேண்டும், சோதிக்கப்பட வேண்டும், ஆட்களை எங்கே உட்கார வைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். நாளைக்கு அந்த இடத்தில் கையெழுத்துப் போடப் போவது நம்மில் ஒருவராக இருக்கலாம்.

பாடம் புதுசும் இல்லை. 1628-இல் ஸ்வீடனின் ‘வாசா’ போர்க்கப்பல், முதல் பயணத்தில் ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் கவிழ்ந்தது. அதற்கு முன்பே 30 மாலுமிகளை மேல்தளத்தில் இடமும் வலமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து சோதனையை நிறுத்தினார்கள், கப்பலை நிறுத்தவில்லை. 1915 ஜூலை 24 அன்று சிகாகோ ஆற்றில், கரையில் கட்டியிருந்த ‘ஈஸ்ட்லேண்ட்’ கப்பல் அப்படியே ஒருபக்கம் படுத்தது. 844 பேர் இறந்தார்கள். டைட்டானிக் விபத்துக்குப் பிறகு பாதுகாப்புக்காக மேல்தளத்தில் ஏற்றிய கூடுதல் உயிர்காப்புப் படகுகளே ‘ஜி’யை உயர்த்தியதில் பங்கு வகித்தன. 2023 மே 7 அன்று கேரளாவின் தானூரில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். நாடு வேறு, நூற்றாண்டு வேறு, புள்ளி அதே ‘ஜி’.

ஆட்டத்தை எண்ணுங்க

படகில் ஏறிய பிறகு ஜி.எம்.மைத் தெரிந்துகொள்ள வழி இருக்கா? ஓரளவுக்கு இருக்கு, வாட்ச் போதும்.

ஒரு சின்ன அலை தட்டினால் படகு இடமும் வலமும் ஆடும். ஒரு முழு ஆட்டத்துக்கு, அதாவது வலம் போய், இடம் போய், மறுபடி வலத்துக்கு வர ஆகும் நேரம்:

நேரம் = 2 × பை × சுழற்சி ஆரம் ÷ (9.81 × ஜி.எம்.)-இன் வர்க்கமூலம்

சுழற்சி ஆரத்தை அகலத்தில் 0.4 மடங்கு என்று தோராயமாக எடுப்பார்கள். நம்ம மாதிரிப் படகுக்கு 1.2 மீட்டர். எல்லோரும் கீழே இருந்தால் சுமார் 3.2 விநாடி. எல்லோரும் மேலே இருந்தால் சுமார் 6.3 விநாடி.

இங்கேதான் நம்ம உள்ளுணர்வு ஏமாத்தும். வெடுக் வெடுக்கென்று ஆடும் படகைப் பார்த்துப் பயப்படுவோம். தாலாட்டு மாதிரி மெதுவாகச் சாய்ந்து, யோசித்து, மெதுவாகத் திரும்பும் படகு சொகுசாகத் தெரியும். உண்மையில் மெதுவாகத் திரும்பும் படகுக்குத் திரும்புவதற்கான பலம் குறைவு. போகும்போது ஒழுங்காக ஆடிய படகு, ஆட்கள் மேலே ஏறிய பிறகு சோம்பேறித்தனமாக ஆடினால், அது எச்சரிக்கை. படகோட்டியிடம் சொல்லிட்டு, கீழே இறங்கி உட்காருங்க.

ஐ.வி. கோஆர்டினேட்டர் கவனத்துக்கு

ஜோடியாகப் போனாலும், ஐம்பது பேராகப் போனாலும் இது பொருந்தும்.

ஒன்று, லைஃப் ஜாக்கெட்டைப் போட்டால் மட்டும் போதாது, கொக்கியையும் மாட்டணும். மடியில் வைத்திருக்கும் ஜாக்கெட் மிதக்கும், நீங்கள் மிதக்க மாட்டீர்கள்.

இரண்டு, ஏறும் முன்பே கரையில் நின்று வகுப்புத் தோழர்களுக்கு ஒரு நிமிடம் சொல்லிவிடுங்கள்: “விலங்கு எந்தப் பக்கம் வந்தாலும் யாரும் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது.” யானை வந்த பிறகு சொன்னால் யார் காதிலும் ஏறாது.

மூன்று, மறுபக்கம் இருப்பவர்களுக்கும் யானை தெரியணுமே? படகைத் திருப்பச் சொல்லிக் கேளுங்கள். ஆட்கள் இடம் மாறுவதைவிட படகு திசை மாறுவது எவ்வளவோ நல்லது. முடியாது என்றால் விட்டுடுங்க, குரூப்பில் போட்டோ வராமலா போகும்?

நான்கு, தண்ணீர் விளிம்புக்கும் தளத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஏறும்போதே ஒரு பார்வை பாருங்கள். ஒரு ஜாண் உயரம்கூட இல்லையென்றால், அடுத்த படகுக்குக் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

செய்து பாருங்கள்

ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு நீள்சதுர பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ், பத்து ரிமோட் பேட்டரி. பேட்டரிகளைப் படுக்கவைத்து மிதக்கவிட்டு, விளிம்பை லேசாக அழுத்தி விடுங்கள். ஆட்டத்தை எண்ணுங்கள். இப்போது அதே பத்தையும் ரப்பர் பேண்டில் கட்டி நிமிர்த்தி வையுங்கள். எடை மாறவில்லை. மறுபடி எண்ணுங்கள். பிறகு அந்தக் கட்டைக் காலி தீப்பெட்டிகளின் மேல் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போங்கள். ஒரு உயரத்தில் டப்பா நிமிர மறுக்கும். அங்கே ‘ஜி’ ‘எம்’மைத் தொட்டுவிட்டது. லேப் ரெக்கார்டில் பத்துப் பக்கம் எழுதியும் புரியாதது அந்த ஒரு நொடியில் புரிஞ்சிடும்.

வைவாவில் கேட்டால்

கேள்வி 1: மாதிரிப் படகில் பாதிப் பேர் மேலே இருக்கும் நிலையில், அடியில் 3 டன் மணல் மூட்டை அடுக்கினால் (அதன் உயரம் 0.2 மீட்டர்) பிரச்சினை தீருமா?

பதில்: தீராது. ‘ஜி’ 1.19-லிருந்து 1.07-க்கு இறங்கும். ஆனால் படகு இன்னும் அமிழ்வதால் கொக்கியும் 1.55-லிருந்து 1.44-க்கு இறங்கிவிடும். ஜி.எம். 0.36-லிருந்து 0.37 ஆகும், அவ்வளவுதான். விளிம்போ 50-லிருந்து 42 சென்டிமீட்டராகக் குறையும். யானைப் பக்கம் எல்லோரும் நகர்ந்தால் விளிம்பு 55 சென்டிமீட்டர் இறங்கணும். தண்ணீர் உள்ளே வரும். மேலே உள்ளவர்களைக் கீழே இறக்குவதுதான் வைத்தியம்.

கேள்வி 2: எடையைக் கூட்டாமல், அகலத்தை 3 மீட்டரிலிருந்து 3.6 மீட்டர் ஆக்கினால்?

பதில்: அமிழ்ந்த ஆழம் 0.5 ஆகும், கொக்கி 2.41 மீட்டருக்கு ஏறும். எல்லோரும் மேல்தளத்தில் இருந்தால்கூட ஜி.எம். 1 மீட்டர். முன்பு இருந்ததைவிட ஏழு மடங்கு. 60 சென்டிமீட்டர் அகலம் செய்த வேலை இது. வடிவமைப்பு மேசையில் போடும் ஒரு கோடு எத்தனை உயிர் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி 3: நேரோபோட்டில் போன அந்த ரோல்ட் பிறகு என்ன செய்தார்?

பதில்: 1955-இல் ‘ரெட் ஃபார் டேஞ்சர்’ என்ற புத்தகம் எழுதினார். பிரிட்டிஷ் ரயில் விபத்துகளின் வரலாறு அது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பொறியாளர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள், எந்த விதி எந்த உயிர்களின் விலையில் வந்தது என்பதுதான் அதன் பொருள். தேக்கடி ஏரியில் போன 45 உயிர்களின் விலையில் நமக்குக் கிடைத்தது ஒரு விதி: உட்கார்ந்தே இருங்கள். படகைக் கட்டப்போகிறவர்களுக்கு இன்னொன்று: அவர்கள் எழுந்திருப்பார்கள் என்று நினைத்தே கட்டுங்கள்.